இருபத்தெட்டு அடியில் தண்ணீர்

உலகத்தார் அனைவரும் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது: நிலத்தடி நீர் இனி நிலத்தடியில் இல்லை. மாநிலம் இரண்டாகப் பிரிந்த பிறகு வந்த ஒரு தை மாதத்தில், நல்ல முகூர்த்தம் பார்த்து, திருப்பதி சுவர்ணமுகி நிலத்தடி நீர்க் கணிப்பு உயராய்வு மையத்தின் முதல் மாடியில், குளிரூட்டப்பட்ட அறையொன்றில், அது முறைப்படி குடியேறிவிட்டது. பார்க்க விரும்புவோர் காலை பத்து மணி முதல் நண்பகல் வரை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்க்கலாம். குடிக்க விரும்புவோரைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

குடியேறிய இடத்தின் பெயர் நோட்புக். கோடு போட்ட நோட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கணினித் திரையில் மேலிருந்து கீழாக நீளும் ஒரு பக்கம் அது. ஒரு கட்டத்தில் கணக்கை எழுதி ஓட்டினால் அதற்கடியிலேயே விடை வரும், வரைபடம் வரும். அடுத்த கட்டம் அந்த விடையை வாங்கிக்கொண்டு மேற்கொண்டு போகும். ஒருவர் செய்த ஆராய்ச்சியை இன்னொருவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திறந்து, எண்ணை மாற்றி, மறுபடியும் ஓட்டிச் சரிபார்க்கலாம். அதற்காகத்தான் அப்படி ஒன்றை உண்டாக்கினார்கள்.

மையத்தில் அதை யாரும் ஓட்டக் கூடாது.

தாட்சாயணிக்கு இது முதல் நாளே சொல்லப்பட்டது. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் சேர்ந்தவள் அவள். பதவியின் பெயர் நோட்புக் விளக்குநர். திரைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கையால் காட்ட வேண்டும். விரல் திரையில் படக் கூடாது. சித்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். விவசாய சங்கத்தார் வருவார்கள். கயிறு கட்டிய வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து திரைக்கு முன் வந்து சேர்ந்தால், கார்வேட்டிநகரத்துக்காரரான காவலாளி பழனி அவர்களை அரை நிமிஷம்கூட நிற்க விடமாட்டார்.

"ஜரகண்டி, ஜரகண்டி! பாத்தாச்சில்ல, நவுரு. ஏம்மா, தொடாத! அந்தப் பக்கம் போயி நோட்டீஸ் வாங்கிக்கோ. ஜரகண்டி!"

அதிகாரிகளுக்கு மட்டும் நாற்காலியும் காபியும் உண்டு. அவர்கள் கொஞ்சம் அதிக நேரம் புரியாமல் பார்க்கலாம்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ஸௌரிராஜன் தினமும் காலையில் குளித்து, நெற்றியில் திருமண் இட்டு வந்து, உச்சியிலிருக்கும் ஒரே ஒரு கட்டத்தைத் தம் கையால் ஓட்டுவார். அது அன்றைய தேதியைக் காட்டும். அத்துடன் அன்றைய ஆராய்ச்சி முடிந்தது. பிறகு வந்திருப்பவர்களைப் பார்த்துப் பேசுவார்.

"அறிவியல் என்பது திறந்த கதவு. இந்தக் கதவு ஏன் இத்தனை வருஷமாகத் திறந்தே இருக்கிறது? யாரையும் உள்ளே விடாததனால்தான். உள்ளே விட்டிருந்தால் எவனாவது சாத்திவிட்டுப் போயிருப்பான்."

கைதட்டுவார்கள்.

திரையில் மாவட்டத்துக் கிராமங்கள் எல்லாம் இருந்தன. வெதுருகுப்பத்துக்கு அந்தப்புறம் ஒரு பச்சைப் பொட்டு. அது தாட்சாயணியின் ஊர், ஈச்சங்குப்பம். நீர்மட்டம்: இருபத்தெட்டு அடி. நிலை: திருப்திகரம். அதற்குக் கீழே, யார் வீட்டில் தினம் எத்தனை குடம் எடுக்கிறார்கள் என்ற விவரம். அதை முதல் தடவை படித்தபோது அவளுக்கு ஏ.சி. குளிரையும் மீறி ஒரு குளிர் ஏறியது. ஊர்க் கிழவி லட்சுமம்மா செத்துப் பல மழைக்காலம் ஆகிவிட்டது. திரையில் இன்னும் இரண்டு குடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகளிலெல்லாம் ஆட்கள் இருந்தார்கள், குளித்தார்கள், மாடு கழுவினார்கள். இன்னும் கீழே ஒரு வரி: அண்ணாதுரை மகள் தாட்சாயணி, பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு குடம்.

அவள் இங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளே உள்ளே தண்ணீர் சேந்திக்கொண்டும் இருந்தாள்.

அந்த வாரம் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு அம்மா செங்கம்மாவின் போன் வந்தது.

"இன்னா தாச்சா, துன்னியா?"

"துன்னேம்மா. தண்ணி வருதா?"

"எங்கேர்ந்து? போர்ல மோட்டாரு போட்டா உஸ்ஸுன்னு காத்து வருது, பாம்பு கணக்கா. வெதுருகுப்பத்துலேர்ந்து ஆட்டோல குடத்த வெச்சிக்கினு வந்துக்கினு கீறோம். உங்க நைனா டேங்கர் கேக்க சித்தூரு ஆபீசுக்குப் போனாரு. அவன் 'மீ ஊள்ளோ நீள்ளு உன்னாயி கதா', உங்க ஊர்ல தான் தண்ணி கீதேன்னு கம்ப்யூட்டர திருப்பிக் காட்டிட்டானாம். பச்சையா ஒரு பொட்டு இருந்துச்சாம். சாமி பொட்டாக்கும்னு இந்தாளு கும்புட்டுட்டு வந்துட்டாரு."

"ஐயோ, நைனா!"

"அவர உடு. நீ தான அந்தக் கம்ப்யூட்டர் கிட்டயே நின்னுக்கினு கீற. அதுங்காதுல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

காதில் சொல்வதென்றால் இயக்குநர் காதில்தான் சொல்ல வேண்டும். தாட்சாயணி போய் நின்றாள்.

"சார், எங்க ஊர்ல தண்ணி இல்ல சார். டேங்கரும் அனுப்ப மாட்டேங்கறாங்க."

"எந்த ஊர்?"

"ஈச்சங்குப்பம் சார்."

ஸௌரிராஜன் திரையை எட்டிப் பார்த்தார். "இருக்கே."

"அது நோட்புக்ல சார்."

"வேற எதுல இருக்கணும்கறே?"

"கிணத்துல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. "இதோ பாரும்மா. உங்க ஊர்க் கிணறு ஒரே ஒரு எடத்துல இருக்கு. நோட்புக்க பதினாலு தேசத்துல திறந்து பாக்கறா. ரெண்டுல எது தப்பா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி? நீயே புள்ளியியல் படிச்சவ, சொல்லு."

"ஒரே ஒரு தடவ மேலேர்ந்து ஓட்டிப் பாத்துட்டா தெரிஞ்சிடும் சார்."

அறையில் இருந்த எழுத்தர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த இடத்தில் அப்படிப்பட்ட வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"ஹரிபாபு இத பண்ணிக் குடுத்துட்டு அமெரிக்கா போறச்சே ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிட்டுப் போனான்," என்றார் ஸௌரிராஜன், குரலைத் தாழ்த்தி. "'சார், மெஷின மட்டும் அணைச்சுடாதீங்கோ.' அன்னிலேர்ந்து அணைச்சதில்ல. ரெண்டு யூ.பி.எஸ்., ஒரு ஜெனரேட்டர். புயல்ல ஊரே இருட்டாக் கெடந்தப்போகூட இந்த ரூம்ல விளக்கு எரிஞ்சுது. போ, வரிசை நிக்கறது பாரு."

ஹரிபாபுவை அவளுக்குத் தெரியும். ஈச்சங்குப்பத்துக்காரன். ஊரிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியவன். அவளுக்குத் தூரத்து அண்ணன் முறை. மையம் தொடங்கியபோது ஒப்பந்த வேலையில் இருந்து, அந்த நோட்புக்கைத் தனியாளாக எழுதியவன். இப்போது டெக்ஸாஸில் இருந்தான்.

அதற்குப் பிறகுதான் எண்கள் தாவத் தொடங்கின. அல்லது அதற்கு முன்பே தாவிக்கொண்டிருந்து அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கட்டத்தின் பக்கத்தில் கணினி ஒரு வரிசை எண்ணைப் போடும். இயக்குநர் தினம் ஒரு தடவைதான் ஓட்டுகிறார். ஆகவே எண் தினம் ஒன்றுதான் ஏற வேண்டும். ஆனால் ஒரு நாள் ஏழு ஏறியிருந்தது. இன்னொரு நாள் பன்னிரண்டு. பூட்டிய அறைக்குள் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க மேடம்," என்றார் பழனி. "ரூம்ல ஆளே இருக்க மாட்டாங்க. அந்த மெஷின் ஃபேன் தூங்கறவங்க மூச்சாட்டம் மெதுவா வுட்டுக்கினு இருக்கும். திடீர்னு ஓன்னு எழுந்துக்கும். கொஞ்ச நேரம் எறச்சிட்டு மறுபடி படுத்துக்கும். இன்னாமோ கீது. எனக்கு இந்த டூட்டி வாணாம், கேட் டூட்டி குடுத்துடச் சொல்லுங்க."

விஷயம் இயக்குநர் வரை போனது. விளக்கமறியா இயக்க ஆய்வுத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு அறைக்கு வெளியே கூடி, அறைக்குள் போவதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்து, அறிக்கை கொடுத்தது. ஸௌரிராஜன் அதைப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துப் படித்தார்.

"ஆராய்ச்சியாளர் எவரும் இல்லாமலேயே ஆராய்ச்சி நடைபெறும் உயர்நிலையை நமது மையம் எட்டியுள்ளது. உலகின் பெரிய ஆய்வகங்களில்கூட இன்னும் மனிதர்களை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள். நம்மிடம் இருந்தவர்கள்கூட ஒரு தடையாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்பது இப்போது தெளிவாகிறது."

மறுநாள் தடையாக இருந்த இரண்டு ஆராய்ச்சியாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தாட்சாயணி அதைக் கண்ணால் பார்த்தது ஒரு மதிய வேளையில். வரிசை கலைந்துவிட்டது. மறந்துவிட்ட துப்பட்டாவை எடுக்க அறைக்குள் போனாள். திரையின் மூலையில் ஒரு சிறு வட்டம் உண்டு. கணினி கணக்குப் போடும்போது மட்டும் அது கறுக்கும். யாருமில்லாத அறையில் அந்த வட்டம் கறுத்தது. ஃபேன் இரைந்தது. வட்டம் வெளுத்தது. மறுபடியும் கறுத்தது. யாரோ கண்ணை மூடி மூடித் திறப்பது போல இருந்தது. ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அம்மா சொன்னது நினைவு வந்தது: இதன் காதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொடக் கூடாத மவுஸைத் தொட்டு, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள்.

இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று மையம். இன்னொன்று ஹரிபாபு.

வேலையை விட்டுப் போகிறவனிடமிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மையத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மேஜை விசிறியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் தாச்சா. அண்ணாதுரை பொண்ணு. இப்ப இங்க உள்ள கீறது நீ தான?"

"நீயா அங்க வேலையில கீற?" என்றான். "ஊரு எப்பிடிக் கீது தாச்சா?"

"ஊரு காஞ்சி கெடக்குது. நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஊரு கட்டத்த மட்டும் ஓட்டுவேன். எங்க கிணத்து கிராஃப் வரும். பாத்துட்டுப் படுத்துக்குவேன். ஒரு வாட்டி பாத்தா போறாது சில நாளு."

அவன் சொன்ன கதை இது. திறப்பு விழாவுக்கு எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டார். ஈச்சங்குப்பத்தில் அளக்கும் கருவி இன்னும் பொருத்தப்படவில்லை. ஹரிபாபு தன் நைனாவைப் போனில் கூப்பிட்டு, கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்கச் சொன்னான். இருபத்தெட்டு அடி என்றார் அவர். அதை ஒரு வரியாக எழுதி, 'நைனா' என்று பெயர் வைத்து ஓட்டினான். முறைப்படி அளக்காத எண் கண்ணில் படக் கூடாதென்று அந்த வரியை அழித்தும் விட்டான். ஆனால் இந்த நோட்புக்கில் ஒரு குணம் உண்டு. எழுதி ஓட்டிய வரியை அழித்தால் வரிதான் போகும். அது சொன்ன எண், கணினியை அணைக்கும்வரை அதன் நினைவுக்குள் உயிரோடு இருக்கும். கீழே உள்ள கட்டங்கள் அத்தனையும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. திரையில்தான் எண் இருக்கிறதே என்று, கருவியைப் பிறகு யாரும் பொருத்தவில்லை.

"அந்தக் கிணறு எங்க நைனா கையால வெட்டுனது," என்றான் ஹரிபாபு. "நெலம்னு ஒண்ணு எங்களுக்கு வந்தப்புறம் மொதல்ல செஞ்ச வேல. அவரு செத்தப்ப விசா சிக்கல்ல மாட்டிக்கினு நான் வர முடியல, உனக்குத் தெரியும். இதுல மட்டும் தண்ணி அப்பிடியே கீது. அவரு கயிறு வுட்டுக்கினு நிக்கற மாதிரி இருக்கும்."

"அண்ணா, அந்த எண்ணால ஊருக்கு டேங்கர் வரல."

"நெஜமாவா?"

"எங்கம்மா ஆட்டோல தண்ணி தூக்கிக்கினு வருது. பச்சப் பொட்ட காட்டித் தொரத்துறாங்க. அத எடுத்துடு."

"எடுத்தா கிணறு வத்திடும் தாச்சா."

"அது வத்திப் போயி எவ்ளோ நாளாச்சி!"

"தெரியும்," என்றான். "நாளைக்கு எடுத்துடறேன்."

அவன் எடுக்கவில்லை. வட்டம் தினமும் கறுத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து மறுநிகழ்வு அங்கீகாரக் குழு வந்தது. ஓர் ஆராய்ச்சியை யார் திரும்பச் செய்தாலும் அதே முடிவு வருகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் குழு. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். தாட்சாயணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் ரோஜாவும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டாள். குழுத் தலைவர் ஆங்கிலத்தில் பேச, ஸௌரிராஜன் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலும் தெலுங்கிலும் முழங்கினார்.

"திரையை நேற்று எடுத்த படத்தையும் இன்று எடுத்த படத்தையும் ஒப்பிட்டோம். ஒரு புள்ளி மாறவில்லை. எதையும் செய்யாமல் இருந்தால் அதே முடிவு வரும் என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுவிட்டது. எதை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியுமோ அதுவே அறிவியல்! ஏன், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, இந்தப் பெண்கூட ஓட்டலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். அணைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டு என்கிற கட்டளையைத் தேர்ந்தெடுத்தாள். நினைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கணினி கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள்.

ஃபேன் நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. பழனி தொப்பியைக் கழற்றினார். பிறகு திரை முழுக்கச் சிவப்பு விழுந்தது. நடுவில் ஒரு வரி: 'நைனா' என்று இங்கே யாரும் இல்லை. அதற்குக் கீழே ஊர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. லட்சுமம்மா போனாள். பூட்டிய வீடுகள் காலியாயின. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் குடத்தோடு மறைந்தாள்.

ஸௌரிராஜனுக்கு முகத்தில் ரத்தமில்லை. குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மறுபடி ஓட்டு," என்றார். ஓட்டினாள். அதே சிவப்பு, அதே வரி. "இன்னொரு தடவை." அதே வரி.

"அற்புதம்!" என்று எழுந்து கைதட்டினார் தலைவர். "எத்தனை தடவை ஓட்டினாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் அதே பிழை. இந்தியாவில் இதுவரை நான் பார்த்ததிலேயே முழுமையான மறுநிகழ்வு இதுதான்." சான்றிதழ் கொடுக்கப்பட்டது. அதில் தாட்சாயணியின் பெயரும் ஏறிவிட்டதால் அவளை வேலையைவிட்டு அனுப்ப முடியவில்லை.

சித்தூர் ஆபீஸில் பொட்டுகள் எல்லாம் மறைந்துவிட்டன. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. வேறு வழி தெரியாமல் ஓர் ஆளைப் பைக்கில் அனுப்பி ஊர் ஊராகக் கிணற்றைப் பார்த்துவரச் சொன்னார்கள். அவன் ஈச்சங்குப்பத்தில் ஹரிபாபு வீட்டுக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டான். கல்லோடு கல் மோதிய சத்தம் கேட்டது. திரும்பிப் போய் அப்படியே சொன்னான். அடுத்த புதன்கிழமை டேங்கர் வந்தது.

தாட்சாயணி லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். பூட்டிய வீடுகள் நடுவே டேங்கரைச் சுற்றி, ஊரில் மிச்சமிருக்கிற நாலு தெரு சனமும் கூடியிருந்தது.

"ஒக்கொக்கரு ரண்டம்மா!" என்று ஒவ்வொருவராக வரச் சொல்லிக் கத்தினான் டிரைவர்.

"இன்னாடி புடவையப் புடிச்சிக்கினு நிக்கற, குடத்தப் புடி!" என்றாள் செங்கம்மா. "கம்ப்யூட்டர் காதுல இன்னா சொன்ன? இப்பிடி உழுந்தடிச்சிக்கினு அனுப்பிட்டான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. தூங்க வெச்சேன்."

வரிசையில் ஒரு பழைய பித்தளைக் குடம் ஆளில்லாமல் நின்றது. "யாருதும்மா இது?" என்றாள்.

"லட்சுமம்மாவுது. எப்பவும் அங்க தான வெப்பா. நவுத்த யாருக்கும் மனசு வரல. ரொப்பி வை, மாட்டுக்காவது ஆவும்."

ரொப்பினார்கள்.

தாட்சாயணி திங்கள்கிழமை மையத்துக்குத் திரும்பியபோது படியிலேயே மணம் வந்தது. அறைக்கதவில் மாலை. வரிசை கீழ்வாசல் வரை நின்றது. திரையில் வெதுருகுப்பத்துக்கு அந்தப்புறம் பச்சைப் பொட்டு. இருபத்தெட்டு அடி. திருப்திகரம். லட்சுமம்மா, இரண்டு குடம்.

"சனிக்கிழம தானா வந்துடுச்சி மேடம்," என்றார் பழனி, கையைக் கட்டிக்கொண்டு. "யாரும் தொடல. நான் சாட்சி."

ஸௌரிராஜன் பேசிக்கொண்டிருந்தார். "பிழை தன்னைத்தானே திருத்திக்கொண்டது! இனி இதை எவரும் மாற்ற முடியாதபடி வெளியுலகத் தொடர்பு முழுவதையும் துண்டித்து, எல்லாக் கடவுச்சொற்களையும் நீக்கிவிட்டோம். என்னுடையதையும் சேர்த்து. இனி எந்த மனிதனாலும் இதற்கு ஆபத்து இல்லை."

அவள் மாடிப்படிக்குப் பின்னால் போய் ஹரிபாபுவைக் கூப்பிட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான். அழுதிருந்த குரல்.

"செவப்பா, நைனா யாரும் இல்லன்னு வந்துச்சி தாச்சா. என்னால முடியல. ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாத்துட்டு எடுத்துடலாம்னுதான் அந்த வரிய எழுதுனேன். குடிக்க ஒரு காபி போட்டு எடுத்துக்கினு வந்து பாக்கறேன், என்ன வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க. உள்ள போவ முடியல. நீ அத அணைச்சிட முடியுமா?"

அறை வாசலில் இப்போது மூன்று காவலாளிகள் நின்றார்கள்.

புதன்கிழமை டேங்கர் வரவில்லை.